கல்லோடு வந்த ஒறம்பரை

எங்கள் வீட்டு ஹாலுக்குக் கடல் வந்ததற்குக் காரணம், ஐரோப்பாவில் துணி வாங்கும் பையர் ஒருவர் என் கணவரைக் காக்க வைத்ததுதான். டி-ஷர்ட் ஆர்டர் பேசப் போன மனிதரை வரவேற்பறையில் உட்காரச் சொல்லிவிட்டு மறந்துவிட்டார்கள். எதிரே சுவர் நீளத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டி. அதற்குள் நீல வெளிச்சம், பவளம், தண்ணீரோடு ஆடும் பூக்கள், மஞ்சளும் ஆரஞ்சுமாக மீன்கள். ஆர்டர் கிடைக்கவில்லை. தொட்டி மட்டும் மனசுக்குள் ஏறிக்கொண்டு திருப்பூர் வந்து சேர்ந்தது.

வந்த கையோடு ஹாலின் தெற்குச் சுவரைக் காலி செய்தார். அங்கேதான் அவருடைய பனியன் கம்பெனி வாங்கிய ஷீல்டுகள் இருந்தன. எங்கள் வீட்டில் மாமனார் படத்துக்கு அடுத்தபடி மரியாதை அவற்றுக்குத்தான். அவையே மாடிப்படிக்கு அடியில் போனதும், விஷயம் பெரிது என்று எனக்குப் புரிந்தது.

எங்கள் ஊரில் உப்பைப் பற்றி யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. சாயப்பட்டறைத் தண்ணீரிலிருந்து உப்பைப் பிரிப்பதற்கென்றே ஆலை கட்டி வைத்திருக்கிறார்கள். பிரித்த உப்பை எங்கே கொட்டுவது என்று தெரியாமல் மூட்டை மூட்டையாக அடுக்கி வைத்துக்கொண்டு விழிக்கிறார்கள். அப்படிப்பட்ட ஊரில் என் கணவர் தனியாக ஒரு மெஷின் வாங்கி வைத்து, போர் தண்ணீரில் இருந்த உப்பையெல்லாம் வெளியே எடுத்து, அந்தத் தண்ணீரில் வெளிநாட்டு உப்பைக் கொட்டிக் கலக்கினார். என் மாமியார், நான் அத்தை என்று கூப்பிடுகிறவர், சோபாவில் உட்கார்ந்து இதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏஞ்சாமி, இருக்கற உப்ப எடுத்துப்போட்டு வேற உப்பப் போடறதுக்கு, இருக்கறதையே உட்டுருந்தா ஆகாதா?"

"இது வேறம்மா. கடல் உப்பு."

"கல்லுப்பு மட்டும் எங்கிருந்து வருதாமா?"

கணவர் அடுத்த உப்புப் பையைப் பிரித்துக் கொட்டினார்.

இதற்கெல்லாம் குரு, கோயமுத்தூரிலிருந்து வந்த மீன்கடைக்காரர். அவர் வாயில் தொட்டி என்ற சொல் வரவே வராது. 'சிஸ்டம்' என்பார். "சிஸ்டம் மெச்சூர் ஆகோணுங்க சார்" என்பார். நம் ஊர் வெயில் சிஸ்டத்துக்கு ஆகாது என்று அவர் சொன்னதால் ஒரு கூலிங் மெஷினும் வந்து ராப்பகலாக ஓடத் தொடங்கியது. அந்த மாதம்தான் கம்பெனியில் செக்கிங் செக்‌ஷன் பெண்கள் இன்னொரு ஃபேன் கேட்டிருந்தார்கள். "கரண்ட் பில்லப் பாத்துத்தான் செய்யோணும்" என்று என் கணவர் மேனேஜரிடம் ஃபோனில் சொன்னார். சொல்லும்போது ஒரு கையைக் கூலிங் மெஷின் மேல்தான் ஊன்றிக்கொண்டிருந்தார்.

பிறகு கல் வந்தது. ஈரச் செய்தித்தாளில் சுற்றி, தெர்மகோல் பெட்டியில் வைத்து, கைக்குழந்தையைத் தூக்கி வருவதுபோல் தூக்கி வந்தார்கள். உயிருள்ள கல்லாம். துளைக்குத் துளை கண்ணுக்குத் தெரியாத ஜீவன்கள் இருக்கும், அவைதான் தண்ணீரைச் சுத்தம் செய்யும் என்றார் கடைக்காரர். நம் கடலிலிருந்து இப்படிக் கல்லெடுப்பது குற்றமாயிற்றே என்று நான் கேட்டேன். "இது இந்தோனேசியாவுல இருந்து ஃபிளைட்டுல வந்ததுங்க மேடம், பில் இருக்குது" என்றார். பில்லை இன்றுவரை நான் பார்க்கவில்லை. பெட்டியைத் திறந்ததும் வந்த வாடையில் அத்தை எழுந்து போய்ச் சாம்பிராணி போட்டார்.

அடுத்த பல வாரங்கள் தொட்டியில் கல் மட்டும்தான் இருந்தது. மீன் விடக்கூடாதாம். வீட்டுக்கு வந்தவர்களையெல்லாம் என் கணவர் தொட்டியின் முன்னால் உட்கார வைத்துக் கல்லைக் காட்டினார். அவர்களும் பொறுமையாகப் பார்த்தார்கள். அப்படி வந்தவர்களில் ஒருவர், என் கணவரின் பெரியப்பா மகன். இவருக்கு அண்ணன், எனக்குப் பெரிய மாமா. எங்களைவிடப் பெரிய கம்பெனி, எங்களைவிடப் பெரிய வீடு, எங்களைவிட ஒரு படி பெரிய காரும் எப்போதும் வைத்திருப்பவர். காப்பியைக் குடித்து முடித்து, தொட்டியை மேலும் கீழும் பார்த்து, "கல்லு நெம்ப நல்லா இருக்குதுங்க தம்பி" என்றார். எங்கள் பக்கம் இவ்வளவு மரியாதையாக ஒருவரை அவமானப்படுத்த முடியும் என்பது வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது.

ஒருநாள் கல்லின் அடியில் செம்மஞ்சள் நிறத்தில், இரண்டு பக்கமும் வெள்ளை மயிர் முள்ளோடு ஒரு புழு நெளிந்தது. நான் எம்.எஸ்ஸி. விலங்கியல். கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குப் பின்னால் அச்சடித்ததோடு அந்தப் படிப்பின் வேலை முடிந்துவிட்டது என்றாலும், பாட்டிலில் ஊறிய இதன் உறவினர்களைப் படம் வரைந்திருக்கிறேன். "இது கல்லோட வர்ற புழுங்க. அழுக்கத் தின்னும். கையில தொடாதீங்க, முள்ளு ஏறிக்கும்" என்றேன்.

"எதுக்கும் கடைக்காரரக் கேட்டுப் பாக்கலாம் அம்மிணி" என்றார் கணவர். வராண்டாவில் நின்று நெடுநேரம் பேசிவிட்டு வந்தார். "அது நல்ல புழுவாமா. அழுக்கத் திங்குமாமா. தொட்டாத்தான் முள்ளு ஏறுமாமா" என்று எனக்குச் செய்தி சொன்னார். நானும் அப்படிங்களா என்று கேட்டுக்கொண்டேன்.

அடுத்து வந்தது பூ. கல்லின் ஒரு மூலையில் கண்ணாடி போன்ற தண்டும், உச்சியில் மெல்லிய இதழ்களுமாக ஒன்று முளைத்திருந்தது. பழுப்பு நிறம், ஆனால் நீல விளக்கில் பார்க்கும்போது அழகுதான். என் கணவருக்குத் தலைகால் புரியவில்லை. காசு கொடுக்காமலே பவளம் வந்துவிட்டது. ஃபோட்டோ எடுத்து, 'நம்ம ஊட்டுல பவளம் பூத்திருக்கு' என்று சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார். வாழ்த்துகள் குவிந்தன. பெரிய மாமா ஒரு கட்டை விரலை மட்டும் அனுப்பினார். தினமும் காலையில் கம்பெனிக்குப் போகும் முன் இறாலைப் பொடிப் பொடியாக நறுக்கி அந்தப் பூவுக்கு ஊட்டினார். எனக்கு ஒருநாள்கூட ஊட்டியதில்லை. அது தழைத்தது. பக்கத்தில் இன்னும் நாலு முளைத்தன. ஒரு பக்கம் மட்டும் இருந்தால் லட்சணமாக இல்லை என்று, ஒன்றைப் பிய்த்து அடுத்த கல்லிலும் நட்டார்.

மீன் விட வந்த கடைக்காரர் தொட்டியைப் பார்த்ததும் பையைக் கீழே வைத்துவிட்டார்.

"சார், இது ஐப்டேசியா."

"ஐப்பசியா? இப்ப ஆடிதான நடக்குது" என்றார் அத்தை.

"களைங்கம்மா. நம்ம ஊர்ல பார்த்தீனியம் இருக்குதில்லீங்களா, அது மாதிரி. கல்லோட ஒட்டிக்கிட்டு வந்துரும். பிச்சா ஒண்ணு பத்தாகும். சார், இதுக்குத் தீனி கீனி போடலீங்களே?"

என் கணவர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

அன்றிலிருந்து ஊசியும் மருந்துமாக அந்தப் பூக்களை ஒழிக்கும் வேலை ஆரம்பமானது. ஊட்டிய கையாலேயே ஊசி போட்டார். ஆனால் குரூப்பில் திருத்தம் எதுவும் போடவில்லை. அங்கே அது இன்னும் பவளம்தான்.

ஒருவழியாக மீன்கள் வந்தன. ஆரஞ்சில் வெள்ளைப் பட்டை போட்ட ஜோடி ஒன்று, நீல மீன் ஒன்று, கண்ணாடியைச் சுத்தம் செய்ய ஒரு கைப்பிடி நத்தைகள். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. அதன் பிறகு சில நாளில் சத்தம் கேட்க ஆரம்பித்தது. ஸ்கேலால் மேசையில் சுண்டியது போல, 'டிக்' என்று ஒரே சத்தம். பிறகு நெடுநேரம் ஒன்றுமிருக்காது. மறந்துபோகிற சமயம் பார்த்து இன்னொரு 'டிக்'.

கணவர் முதலில் கண்ணாடி விரிசல் விடுகிறதோ என்று பயந்தார். டார்ச் அடித்து நாலு மூலையையும் தடவிப் பார்த்தார். எலெக்ட்ரீஷியன் வந்து ஃபால்ஸ் சீலிங்கைக் கழற்றிப் பார்த்து, வந்ததற்கு ஒரு பல்பை மாற்றிவிட்டுப் போனார். அத்தைக்கு மட்டும் எந்தக் குழப்பமும் இல்லை.

"பல்லி" என்றார்.

எங்கள் வீட்டில் வருஷா வருஷம் பூச்சி மருந்து அடிக்கிறோம். பல்லியைப் பார்த்து நெடுங்காலம் ஆகிறது. ஆனால் அத்தையிடம் பல்லி சொல்லுக்குப் பலன் போட்ட காலண்டர் இருந்தது. அதற்கு மேல் அவருடைய சொந்தக் கணக்கும் இருந்தது. தெற்கிலிருந்து ஒற்றைச் சத்தம் வந்தால் வேண்டாம். இரட்டையாக வந்தால் செய்யலாம். தொட்டி நின்றது தெற்குச் சுவர்.

இந்த நேரத்தில்தான் பெரிய மாமா ஒரு யோசனையோடு வந்தார். அவிநாசிபாளையம் பக்கத்தில் அவருக்கு இடம் இருக்கிறது. அங்கே சேர்ந்து ஒரு பிரிண்டிங் யூனிட் போடலாம். இடமும் கட்டடமும் அவருடையது, மெஷின் எங்களுடையது. என் கணவரிடம் இதை முன்னமே சொல்லியிருந்தார். எனக்குக் கேட்டதிலிருந்து பிடிக்கவில்லை. நாளைக்கு ஒரு மனஸ்தாபம் வந்தால் அவர் இடத்தில் அவர் இருப்பார், எங்கள் மெஷினை நாங்கள் எங்கே தூக்கிக்கொண்டு போவது? ஒரு வாரம் இதைக் காப்பியோடு சொன்னேன், சாப்பாட்டோடு சொன்னேன். "உனக்கு பிசினஸ் தெரியாது அம்மிணி" என்றார் கணவர். உண்மையில் அவருக்கும் இஷ்டமில்லை. ஆனால் அண்ணனிடம் வேண்டாம் என்று சொல்லும் நாக்கு அவருக்குப் படைக்கப்படவில்லை.

பெரிய மாமா பழத்தட்டோடு வந்து உட்கார்ந்தார். எல்லாவற்றையும் விவரமாகச் சொன்னார். என் கணவர் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் "ஆமாங்கண்ணா" போட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் பெரிய மாமா அத்தையின் பக்கம் திரும்பினார்.

"சின்னம்மா, நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா ஆச்சுங்க."

அத்தை வாயைத் திறந்தார். 'டிக்.'

அத்தை வாயை மூடிக்கொண்டார். சோபாவின் கைப்பிடியில் விரல் முட்டியால் தட்டினார். இன்னொரு சத்தம் வருமா என்று காது கொடுத்தார். வரவில்லை.

"சொல்லிருச்சு சாமி. இப்ப வேண்டாம்."

"யாருங்க சொன்னது?"

"பல்லி. தெக்க இருந்து ஒத்தையாச் சொல்லிருச்சு."

பெரிய மாமா எமகண்டம் பார்க்காமல் காரில் சாவி போடாதவர். பல்லியை எதிர்த்து அவரால் என்ன பேச முடியும்? மீதிக் காப்பியை வைத்துவிட்டு, "செரிங்க, நேரம் வரட்டும்" என்று எழுந்தார். அவர் கார் தெருவைத் தாண்டியதும் என் கணவரின் முகம் தீபாவளி போனஸ் வாங்கினவன் முகம்போல் ஆகிவிட்டது. அன்றைக்கு ராச் சாப்பாட்டில் இரண்டு தோசை கூடப் போயிற்று.

எனக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் கொஞ்சம் சுருக்கென்று இருந்தது. படித்த பெண்டாட்டி ஒரு வாரம் காரணத்தோடு சொன்னது ஏறவில்லை. சுவருக்குள்ளிருந்து ஏதோ ஒன்று ஒரு தரம் 'டிக்' என்றது, ஏறிவிட்டது. அந்தச் சத்தம் தொட்டிக்குள்ளிருந்து வருகிறது என்று எனக்கு அப்போதே சந்தேகம் இருந்தது. ஆனால் என் பக்கம் பேசின பல்லியை நானே எதற்காகப் போய்த் துருவ வேண்டும்?

அதற்குப் பிறகு அத்தை எல்லாவற்றுக்கும் பல்லியைக் கேட்கத் தொடங்கினார். டிரைவரை மாற்றலாமா, அவிநாசியில் நடக்கிற கல்யாணத்துக்கு முதல் நாளே போகலாமா, மாவு இன்றைக்கே ஆட்டிவிடலாமா. கேட்டுவிட்டுத் தெற்குச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். டிரைவர் தப்பித்தார். மாவு மூன்று நாள் ஆட்டவில்லை, கடையில் வாங்கினோம்.

இதற்கு நடுவே நத்தைகள் குறைந்துகொண்டு வந்தன. தொட்டியின் மணலில் உடைந்த ஓடு கிடந்தது. பிறகு ஆரஞ்சு ஜோடியில் ஒன்றைக் காணோம். மூடி போட்ட தொட்டியிலிருந்து மீன் எங்கே போகும்? கணவர் சோபாவைத் தூக்கிப் பார்த்தார். அத்தை என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"கண்ணு, வேலைக்கு வர்ற புள்ள தூத்துக்குடிப் பக்கமாமா. மீனு திங்கற ஊரு."

அந்தப் பெண் புருஷனோடு பிழைக்க வந்தவள். அவன் நிட்டிங் கம்பெனியில் வேலை, அவள் காலையில் எங்கள் வீட்டிலும் இன்னும் இரண்டு வீட்டிலும் வேலை. தாழ்த்திய குரலாக இருந்தாலும் அத்தையின் குரல் அடுத்த தெரு வரை போகும். அவள் பாத்திரத்தை அப்படியே வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"எக்கா, இத்துனூண்டு மீனுக்கு யாரு மசாலா அரைச்சிக்கிட்டு இருப்பா? எங்க ஊர்ல இத வலையில இருந்து உதறிவிட்டுட்டுப் போயிருவாவ. அந்தப் பெரிய நீல மீனக் காணலைன்னு சொன்னாலாவது ஒரு இது இருக்கு."

அத்தை அடுப்பைத் துடைக்க ஆரம்பித்தார். என் கணவர், கம்பெனியில் யார் எவ்வளவு நேரம் டீ குடிக்கிறார்கள் என்று பார்க்க வைத்திருந்த கேமராக்களில் ஒன்றைக் கழற்றிக்கொண்டு வந்து தொட்டிக்கு நேரே மாட்டினார். புரொடக்‌ஷன் மீட்டிங்கில் உட்கார்ந்துகொண்டு ஃபோனில் தொட்டியைப் பார்ப்பார் என்று மேனேஜர் என்னிடம் வருத்தப்பட்டார். கேமராவில் எதுவும் சிக்கவில்லை. சிக்கியது பெரிய மாமாவின் கண்ணில்.

பெரிய மாமா தன் மனைவியின் தம்பியைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டு அதே பிரிண்டிங் யூனிட்டுக்குப் பூமி பூஜை போட நாள் குறித்திருந்தார். அழைப்பிதழ் வைக்க ஒரு மத்தியானம் வந்தார். முகத்தில் போன தடவை நடந்ததன் சுவடே இல்லை. தொட்டிக்கு நேரே உட்கார்ந்தார். நான் காப்பி கொடுத்தேன். அத்தை அழைப்பிதழ்த் தட்டை வாங்கக் கையை நீட்டினார்.

'டிக்.'

அத்தையின் கை நின்றது. கணவர் மேலே பார்த்தார். நானும் பழக்கத்தில் சுவரைப் பார்த்தேன். பெரிய மாமா மட்டும் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியோரம் ஒரு புது நத்தை ஊர்ந்துகொண்டிருந்தது. அதற்குப் பக்கத்துக் கல்லின் துளையிலிருந்து குச்சிபோல் இரண்டு கண்கள் வெளியே வந்திருந்தன. ஒரு கண் மேலே பார்த்தது, மற்றது எங்களைப் பார்த்தது. பச்சையாக ஏதோ ஒன்று பாதி உடம்பை நீட்டி, நத்தையைப் பிடித்துத் திருப்பி, கையால் ஓங்கி ஒரு குத்து விட்டது. கை அசைந்தது கண்ணுக்கே தெரியவில்லை. 'டிக்.' ஓட்டில் ஒரு சில்லு பெயர்ந்து மணலில் விழுந்தது. இன்னொரு 'டிக்.' நத்தையோடு அது உள்ளே போய்விட்டது.

பெரிய மாமா காப்பி டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார்.

"சின்னம்மா, பல்லி தண்ணிக்குள்ளதானுங்க இருக்குது."

அவர் சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு, குரலில் ஒரு துளி கோபம் இல்லாமல் கேட்டார்.

"அன்னைக்குச் சொன்னதும் இவருதானுங்களா?"

"இல்லீங்கண்ணா, அன்னைக்கு வந்து... அது வேறங்கண்ணா" என்று என் கணவர் எழுந்து நின்று கையைப் பிசைந்தார்.

அத்தை அசரவில்லை. "எது சொன்னா என்ன சாமி. தெக்க இருந்து சொல்லுச்சு, ஒத்தையாச் சொல்லுச்சு. அவ்வளவுதான" என்று தட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

பெரிய மாமா எல்லோருக்கும் கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்பினார். வாசலில் செருப்பு மாட்டும்போது அவர் தோள் குலுங்கியது. சிரிப்பா அழுகையா என்று எனக்கு அப்போது தெரியவில்லை. அவர் வீடு போய்ச் சேர்வதற்குள் வாட்ஸ்அப் குரூப்பில் செய்தி வந்துவிட்டதைப் பார்த்த பிறகுதான் அது சிரிப்பு என்று புரிந்தது.

கடைக்காரருக்கு ஃபோன் போட்டதும் அவர் குரலில் ஒரே குஷி.

"மேன்டிஸ் ஷ்ரிம்ப்புங்க சார். கல்லுக்குள்ள லிஃப்ட் கேட்டு வந்துருக்குது. ஹிட்ச்ஹைக்கர்னு சொல்லுவோம். உங்க சிஸ்டத்துக்கு அமைஞ்சுருக்குது பாருங்க."

"மீன் எல்லாத்தையும் திங்குதுங்களே."

"திங்குமுங்க சார். பெருசாச்சுன்னா கண்ணாடியவே ஒடைச்சுப் போடும்."

ஃபோனை ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் அத்தைக்கும் கேட்டது. "கூப்புடாம வந்த ஒறம்பரை, சாமானத்த ஒடைக்காமப் போனதா எங்க இருக்குது?" என்றார். ஒறம்பரை என்றால் எங்கள் பக்கம் விருந்தாளி. கூப்பிட்டு வந்தவர்களைப் பற்றியும் அவருக்கு அதே அபிப்பிராயம்தான்.

கண்ணாடி உடைந்தால் அத்தனை தண்ணீரும் இத்தாலி மார்பிளில் ஓடும் என்று நினைத்ததும் என் கணவருக்குத் தூக்கம் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை கடைக்காரர் வந்தார். சந்தேகத்துக்குரிய கல்லைத் தூக்கி அன்னக்கூடை என்கிற அகலப் பாத்திரத்தில் வைத்தார்கள். துளைக்குள் சோடாவைப் பீய்ச்சினால் மூச்சு முட்டி வெளியே வருமாம். பெட்டிக்கடையிலிருந்து சோடா வந்தது. நான், அத்தை, வேலைக்கு வரும் பெண் மூவரும் சுற்றி நின்றோம்.

முதல் துளையிலிருந்து மயிர் முளைத்த ஒரு குட்டி நண்டு வந்தது. அடுத்ததில் பாம்பு வால் போல ஐந்து கை வைத்த நட்சத்திர மீன் ஒன்று, அவசரமாக வீடு காலி செய்பவன்போல் இறங்கிப் போனது. பிறகு டிராக் பேன்ட்டுக்குக் கோக்கிற நாடா நீளத்துக்கு ஒரு புழு வந்தது, வந்தது, வந்துகொண்டே இருந்தது. அத்தை "சிவ சிவா" என்று நாலடி தள்ளி நின்றார். இத்தனை பேரும் எங்களோடு ஒரே கூரையின் கீழ் குடியிருந்திருக்கிறார்கள்.

கடைசியில் அது வந்தது. என் சுண்டு விரல் நீளம்தான் இருக்கும். பாசிப்பச்சை உடம்பு, முன்னால் மடக்கி வைத்த இரண்டு கை. அன்னக்கூடையின் ஓரத்தில் நின்று எங்கள் ஒவ்வொருவரையும் கண்ணைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது.

"இதுக்கா எக்கா எம் மேல சந்தேகப்பட்டிய?" என்றாள் அந்தப் பெண்.

அத்தை மன்னிப்புக் கேட்கும் பழக்கம் உள்ளவர் இல்லை. ஆனால் மறுநாள் அவளுக்குக் காப்பியை டம்ளரின் விளிம்பு வரை ஊற்றினார். அவளும் அதை ஊதி ஊதி நிதானமாகக் குடித்தாள்.

இவ்வளவு சின்னதா என்ற தைரியத்தில் என் கணவர் கையை விட்டார். கடைக்காரர் "சார் வேண்டாமுங்க" என்று சொல்லி முடிப்பதற்குள் ஒரு 'டிக்'. இந்தத் தடவை கட்டை விரலில். ரத்தம் கொட்டியது. பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நர்ஸ் கட்டுப் போட்டபடி கேட்டாள்.

"என்னங்க சார் கடிச்சுது?"

"இறால்."

"சமைச்சதுங்களா, சமைக்காததுங்களா?"

"கடிக்கலீங்க. அடிச்சுப் போட்டுது."

அவள் என்னைப் பார்த்தாள். ஆமாம் என்று தலையாட்டினேன். அதற்கு மேல் கேட்காமல் ஊசி போட்டு அனுப்பினாள்.

கம்பெனியில் இறால் அடித்தது என்று ஒரு முதலாளி எப்படிச் சொல்வார்? கட்டிங் மெஷினில் பட்டுவிட்டது என்றார். முதலாளிக்கே அடிபட்டுவிட்டது என்று பதறிய மேனேஜர், கட்டிங் செக்‌ஷனில் இருக்கும் எல்லோருக்கும் கம்பி பின்னிய கையுறை வாங்கிக் கொடுத்துவிட்டார். அவர்கள் அதைக் கேட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது. எங்கள் வீட்டுக் கடலால் கம்பெனிக்கு நடந்த நல்லது அது ஒன்றுதான்.

அந்த இறாலைக் கொல்லக் கூடாது என்று அத்தை பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். வாக்குச் சொன்ன ஜீவனாம். வராண்டாவில் ஒரு சின்னத் தொட்டியில் அதற்குத் தனிக்குடித்தனம் வைத்தோம். ஹாலில் சத்தம் நின்றது. அத்தைக்குப் பொழுது போகவில்லை.

ஒரு மாதம் போல ஆனதும் பெரிய மாமா எனக்கு ஃபோன் செய்தார். கணவருக்கு இல்லை, எனக்கு.

"அம்மிணி, அந்த ஆளு எப்படி இருக்காருங்க?"

"எந்த ஆளுங்க மாமா?"

"அன்னைக்கு எனக்கு வாக்குச் சொன்னாரல்லங்க, அவருதான்."

பூமி பூஜை போட்ட நாளிலிருந்து அவருக்கும் மச்சினனுக்கும் ஒத்துப்போகவில்லை. கட்டடம் லிண்டல் மட்டத்தில் நின்றுவிட்டது. அன்றைக்கு நம் வீட்டில் வேண்டாம் என்று சொன்னது யாராக இருந்தாலும், சொன்னது பலித்துவிட்டது என்ற முடிவுக்கு அவர் வந்திருந்தார். தந்தால் வைத்துக்கொள்வதாகச் சொன்னார். வராண்டாவில் கால் வைக்க இடம் கிடைத்தால் போதும் என்று நான் சம்மதித்தேன். அத்தை அரை மனதாகத் தலையாட்டினார். என் கணவர் கட்டை விரலைத் தடவிக்கொண்டே, "எடுத்துட்டுப் போகச் சொல்லு" என்றார்.

பெரிய மாமா தானே காரில் வந்தார். மூடி போட்ட வாளியை முன் சீட்டில் வைத்து சீட் பெல்ட் மாட்டி, ஏ.சி.யைக் கூட்டி வைத்து ஓட்டிக்கொண்டு போனார். அவருடைய ஆபீஸ் அறையில் எங்கள் தொட்டியைப்போல் இரண்டு மடங்கில், தடித்த கண்ணாடியில் ஒரு சிஸ்டம். உள்ளே அது ஒன்றுதான். அதைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து என் கணவருக்குத் தன் தொட்டியின் மேல் பிடிப்பே போய்விட்டது. இப்போது அதைத் துடைப்பதும் தண்ணீர் மாற்றுவதும் என் வேலை.

போன வாரம் பெரிய மாமா மறுபடியும் அழைத்தார். குரல் கவலையாக இருந்தது.

"அம்மிணி, நாலு நாளா அவரு சத்தமே போடறதில்லீங்க. ஒரு ஆர்டர் எடுக்கறதா வேண்டாமான்னு வெள்ளிக்கிழமைக்குள்ள தெரியோணும். என்னுங்க செய்யறது?"

"தீனி என்ன போடறீங்க மாமா?"

"ஓடு உரிச்ச இறால்தானுங்க. நல்லதா வாங்கி, சுத்தம் பண்ணித்தான் போடறேன்."

"அதுல ஒடைக்கறதுக்கு என்ன இருக்குதுங்க? நத்தை போட்டுப் பாருங்க."

"நத்தை போட்டாச் சொல்லுமுங்களா?"

"எத்தன போடறீங்களோ அத்தன தரம் சொல்லுமுங்க."

மறுமுனையில் அறைக்கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு, "ரெட்டையாச் சொல்லோணும்னா?" என்று மெதுவாகக் கேட்டார்.

பெரிய நத்தையாகப் போடச் சொன்னேன். ஓடு கெட்டியாக இருந்தால் ஒரு குத்தில் உடையாது, இரண்டு வேண்டியிருக்கும். அவர் சரி என்று ஃபோனை வைத்துவிட்டார். அன்று சாயந்திரமே கோயமுத்தூர் கடைக்காரர் ஒரு பெட்டி நத்தையோடு அவர் ஆபீஸுக்கு வந்து போனதாகக் கேள்விப்பட்டேன். பெரிய மாமா ஆர்டரை எடுத்துவிட்டார்.